வெட்டுக்கிளிப் பாட்டும் நான்கு வாக்குகளும்

சவுந்தரநாயகத்துக்கு வெட்டுக்கிளியின் பாட்டுக் கேட்காமல் போய்ப் பன்னிரண்டு வருஷமாயிற்று. இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. மனிதர் பேச்சுக் கேட்டது. காலி வீதி பஸ் கேட்டது. வெள்ளவத்தையில் நிற்காமல் போகும் கடுகதி ரயில் வீடே அதிரக் கேட்டது. மனைவி பரிமளம் கூப்பிடுவது மட்டும் பாதிதான் கேட்டது. அதைக் காதின் குற்றமென்று இருவருமே கருதவில்லை.

வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் ஒரு நட்டமுமில்லை. ஆனால் அவர் வெட்டுக்கிளியில் பெரிய ஆள். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகத்திலிருந்து, பூச்சிகளை ஊசியில் குத்தி, சிறு துண்டுக் கடதாசியில் பெயரெழுதி, கண்ணாடி மூடிப் பெட்டிகளில் அடுக்கியவர். இலங்கையின் வெட்டுக்கிளிகளுக்கு அவர் எழுதிய அட்டவணை ஒன்று ஐம்பத்தொன்றாம் ஆண்டு வெளிவந்தது. அதில் ஏறிய பூச்சி இருக்கிறது, ஏறாத பூச்சி இல்லை என்பதே அவருடைய கொள்கை. உயிருள்ள வெட்டுக்கிளி ஒன்று பெயர்த்துண்டு இல்லாமல் புல்லில் துள்ளித் திரிவதைக் கண்டால் அவருக்கு அது ஓர் ஒழுங்கீனமாகவே படும்.

ஓய்வு பெற்றபின் அவர் கொழும்புப் பூச்சி ஆர்வலர் சங்கத்தின் தலைவரானார். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கொள்ளுப்பிட்டியில், ஒரு காரியாலயக் கட்டடத்தின் மேல்மாடியில், சங்கம் கூடும். அங்கத்தவர் பத்தொன்பது பேர். தேநீருக்கு முன் வருபவர் நால்வர். அந்த நால்வரே நிர்வாகக் குழு. தலைவர் சவுந்தரநாயகம். செயலாளர் ஒஸ்வால்ட், சுங்கப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர், அறிக்கை எழுதுவதற்காகவே பிறந்தவர். உபதலைவர் தாஸிம், நகைக்கடைக்காரர், வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர். நான்காமவர் யோகநாதன், கோர்ட்டில் வழக்காடிய பழைய பிறக்டர். பூச்சிகளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. சங்கத்தின் யாப்பு, அதன் விதிகள், முழுவதும் மனப்பாடம். நால்வரில் இளையவர் ஒஸ்வால்ட், அவருக்கு அறுபத்தாறு.

அறுபத்தேழாம் ஆண்டு மே மாதக் கூட்டத்துக்கு மேபல் என்றொரு பெண் வந்தாள். கொட்டாஞ்சேனை. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞான ரீச்சர். தகப்பன் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக். வலது கையில் அவள் பற்றறியில் ஓடும் பெரியதொரு ரேப் றெக்கோடரைத் தூக்கி வந்திருந்தாள். அது பங்குச் சுவாமியினுடையது. தம் பிரசங்கத்தைத் தாமே கேட்டுத் திருந்துவதற்காக அவர் ஜெர்மனியிலிருந்து எடுப்பித்தது. ஒரு தடவை கேட்டபிறகு, யார் கேட்டாலும் இரவல் கொடுத்துவிடுவார்.

"உங்கட அட்டவணையில நாப்பத்தேழாம் நம்பர், சேர்," என்று தொடங்கினாள். "சின்னன், மண்ணிறம், பின்னங்காலில கறுப்புக் கோடு. வெள்ளவத்தையில ரயில் பாதைப் புல்லிலயும் இருக்கு, கொட்டாஞ்சேனையிலயும் இருக்கு. அது ஒரு இனம் இல்லை. ரெண்டு."

சவுந்தரநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அதில நாப்பது பூச்சி பார்த்தனான், பிள்ளை. எல்லாம் ஒண்டுதான்."

"பார்வைக்கு ஒண்டுதான், சேர். பாட்டு வேற."

பிறகு அவள் விளக்கினாள். ஆண் வெட்டுக்கிளி பின்னங்காலைச் சிறகில் உரசிப் பெண்ணைக் கூப்பிடும். வெள்ளவத்தை ஆண் விட்டுவிட்டுக் கூப்பிடுகிறது, யாரோ மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதுபோல. கொட்டாஞ்சேனை ஆண் ஒரே இழுவையாக இழுக்கிறது, சுளகில் அரிசி புடைப்பதுபோல. ஒருகொடவத்தையில், பண்டகசாலைகளுக்குப் பின்னாலுள்ள வெறும் காணியில், இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் புல்லில் இருக்கின்றன. ஆனால் இழுத்துப் பாடுகிறவனிடம் வெள்ளவத்தைப் பெண் போவதேயில்லை.

"முந்தி ஒரே கூட்டமாத்தான் இருந்திருக்கும், சேர். ஆறோ சதுப்போ ஏதோ ஒண்டு நடுவில வந்து பிரிச்சிருக்கும். பிரிஞ்சிருந்த காலத்தில ஒரு பக்கத்துப் பாட்டு கொஞ்சம் இழுபட்டுப் போச்சு. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இழுத்துப் பாடுறவனைத்தான் பிடிச்சுது. அவனுக்குத்தான் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளும் இழுத்துத்தான் பாடும். இப்படியே போய், இப்ப திரும்ப ஒரே புல்லுக்கு வந்தாலும் ஒண்டின்ட பாட்டு மற்றதுக்குப் பாட்டாவே கேக்காது. கலியாணம் நடக்காட்டி வேற இனம்தானே."

"பாட்டு இழுபட்டதுக்காக ஒரு பெண் கலியாணம் வேண்டாமெண்டு சொல்லுமோ?" என்றார் யோகநாதன். "நியாயமில்லாத கதை."

அவர் தம்முடைய மூத்த மகனுக்கு வந்த மட்டக்களப்புச் சம்பந்தத்தை, பெண்ணின் தாய் பேசுகிற விதம் காதுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி நிறுத்தி இன்னும் ஆறு மாதமாகவில்லை.

"கேட்டுப் பாருங்களன், சேர்," என்று மேபல் றெக்கோடரை முடுக்கினாள்.

சில்லுகள் சுழன்றன. சவுந்தரநாயகத்துக்கு லேசான ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. அதுவும் றெக்கோடரின் மோட்டராகத்தான் இருக்கவேண்டும். தலைவர் முகத்தை வைத்துக்கொள்ளவேண்டிய மாதிரி வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கடைக்கண்ணால் பார்த்தார். தாஸிம் கண்களை மூடியிருந்தார். யோகநாதன் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேட்பவர்போலச் சாய்ந்திருந்தார். ஒஸ்வால்ட் ஒரு விரலால் மேசையில் தாளம் போட்டார். ஆக, எல்லோருக்கும் கேட்கிறது, தமக்கு மட்டும்தான் கேட்கவில்லை. அப்படி எண்ணியபோது சவுந்தரநாயகத்துக்கு அந்தக் கதிரையே திடீரென்று உயரமாகிவிட்டது போலிருந்தது.

"மிச்சம் தெளிவா ஈக்கிது, மகள்," என்றார் தாஸிம்.

"இது வெள்ளவத்தை. இனிக் கொட்டாஞ்சேனை," என்று சொல்லி அவள் மற்றச் சுருளைப் போட்டாள். அரை நிமிஷம் சுழன்றதும் நாடா அறுந்தது. அறுந்த நுனி சில்லைச் சுற்றி ஒரு தரம் படபடத்தது. மேபல் உடனே ஆளியை அணைத்தாள். சில்லுகள் நின்றன, மோட்டரும் நின்றது.

ஒஸ்வால்டின் விரல் நிற்கவில்லை. தாஸிம் கண் திறக்கவுமில்லை. "இதிலயும் அதே மெட்டுத்தான்," என்றார் யோகநாதன்.

சவுந்தரநாயகம் நின்ற சில்லைப் பார்த்தார். மேபலும் அதைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்தான் முதலில் பார்வையைத் திருப்பினார்.

உண்மையைச் சொல்ல அவருக்கு அப்போது ஒரு முழு நிமிஷம் இருந்தது. அதில் அவர் நினைத்தது வேறு. இவர்களுக்கும் கேட்கவில்லை என்றால் தமக்குக் கேட்காதது ஒரு குறையே அல்ல, அது சங்கத்தின் பொது நிலை. அந்த ஆறுதலோடு, இரண்டும் ஒன்றே என்ற பிரேரணையை வாக்குக்கு விட்டார். நான்கு கை உயர்ந்தது. "நிர்வாகக் குழுவினர் இரு பாட்டுகளையும் தெளிவாகக் கேட்டு, அவற்றிடையே வேறுபாடு இல்லை எனக் கண்டனர்" என்று ஒஸ்வால்ட் அழகான கையெழுத்தில் எழுதினார். மேபல் நாடாவைச் சுருட்டி எடுத்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, தேநீர் குடிக்காமல் போனாள்.

அந்தக் கிழமை முழுவதும் சவுந்தரநாயகத்துக்குச் சாப்பாடு செல்லவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேற்றடியில் ஆள் அரவம். மேபல் றெக்கோடரோடும் கம்பி வலை போட்ட ஒரு கூட்டோடும் நின்றாள்.

அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "அது குழுவின்ர தீர்மானம், பிள்ளை. நான் தனிய என்ன செய்யிறது," என்றார்.

"தீர்மானத்தைப் பத்திக் கதைக்க வரல்ல, சேர். நாடாவை ஒட்டிட்டன். இந்த மெசினில வேகத்தைக் குறைக்கலாம். நாலில ஒரு பங்கு வேகத்தில போட்டா சத்தம் தடிச்சுக் கேக்கும். எங்கட பள்ளிக்கூடத்து மதருக்கும் அப்படித்தான் போட்டுக் காட்டினன். அவவுக்கு எழுபது வயசு."

குற்றம் சாட்டுகிற ஒரு சொல்லும் அதில் இல்லை. அதனால் மறுக்கவும் அவருக்கு வழியிருக்கவில்லை. உள்ளே வரச் சொன்னார்.

சாப்பாட்டு மேசையில் றெக்கோடரை வைத்து அவள் முடுக்கினாள். சில்லு சோம்பலாகச் சுழன்றது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, ஒரு கதவுக் கீல் மெல்ல அசைவதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. நின்றது. சவுந்தரநாயகம் கதிரையை இழுத்து ஒலிபெருக்கிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனார். சத்தத்துக்குள் சின்னச் சின்னப் பற்களாக வேறு சத்தங்கள் இருந்தன. எண்ணிவிடலாம் போலிருந்தது.

"இதுவோ?"

"இதுதான் வெள்ளவத்தை, சேர். உங்கட வீட்டுக்குப் பின்னால பிடிச்சது."

அவள் மற்றச் சுருளைப் போட்டாள். அது நிற்காமல் இழுத்தது. ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத வித்தியாசம். முறுக்குக்கும் இடியப்பத்துக்கும் உள்ள வித்தியாசம். அவர் "திருப்பிப் போடும்" என்றார். திருப்பிப் போட்டாள். பதினொரு தரம் போடவைத்தார். பரிமளம் கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, முப்பத்தெட்டு வருஷம் வெட்டுக்கிளியோடு குடித்தனம் செய்த மனுஷன் அதன் குரலைக் கேட்டுக் கண் கலங்குவதை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டில் ஒரு வெள்ளவத்தைப் பெண் இருந்தது. மேபல் வேகத்தைச் சரிப்படுத்திக் கொட்டாஞ்சேனைப் பாட்டைப் போட்டாள். பெண் புல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. வெள்ளவத்தைப் பாட்டைப் போட்டாள். பெண் கடிப்பதை நிறுத்தியது. உணர்கொம்பை ஆட்டியது. பிறகு ஒலிபெருக்கிப் பக்கத்து வலையை நோக்கி, அவசரமில்லாமல், ஆனால் வேறெங்கும் பார்க்காமல், நடந்து போனது.

மேபல் போனபின் அவர் தமது பெட்டிகளை இறக்கினார். காதுதான் போயிருந்தது, கண் இன்னும் கூர்மை. நாற்பது பூச்சிகளின் பின்னங்கால்களையும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தார். காலின் உட்புறத்தில், சிறகோடு உரசும் இடத்தில், ஒரு வரிசை முளைகள். இருபத்துமூன்று பூச்சிகளில் முளைகள் நூறுக்குக் கீழே. பதினேழில் நூற்று நாற்பதுக்கு மேலே. இடையில் ஒன்றுமில்லை. நாற்பதிலும் அவருடைய கையெழுத்தில் ஒரே பெயர். இத்தனை வருஷமும் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. எண்ணவேண்டும் என்று தோன்றவில்லை, ஏனென்றால் ஒன்றென்று அவரே முன்பே எழுதிவிட்டார்.

ஜூன் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

"போன மாசம் எனக்கு ஒரு பாட்டும் கேக்கேல்லை. பன்னிரண்டு வருஷமா எனக்குக் கேக்கிறேல்லை. கேட்டதெண்டு கை உயர்த்தினது பிழை. எங்கட வயசில ஒருத்தருக்கும் அது கேக்காது. தீர்மானத்தைத் திருப்பி எடுப்பம்."

தாஸிம் தம் விரல் மோதிரத்தைத் திருகினார்.

"தலைவருக்காக நான் மிகவும் மனம் வருந்துறன்," என்றார் ஒஸ்வால்ட். "ஆனா எனக்கு நல்லாக் கேட்டது. தாளமே போட்டனான்."

"நாடா அறுந்த பிறகும் போட்டனீங்கள், ஒஸ்வால்ட்."

"அது ஞாபகத்தில போட்டது."

யோகநாதன் யாப்பைப் புரட்டினார். "தலைவர் தன்ர வாயால தனக்குக் கேக்கேல்லை எண்டு ஒப்புக்கொண்டபடியால் அவருடைய வாக்கு செல்லாது. மிச்சம் மூண்டு வாக்கு. மூண்டும் கேட்டவையின்ர வாக்கு. தீர்மானம் முந்தியதைவிடப் பலமா நிக்குது."

அதற்குமேல் சவுந்தரநாயகம் செய்ய ஒன்றுமிருக்கவில்லை. உடல்நலக் குறைவை முன்னிட்டுத் தலைவரின் இராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் இராஜினாமாக் கடிதம் எதுவும் கொடுத்திருக்கவில்லை, ஒஸ்வால்ட் அதையும் எழுதி உதவினார். ஒரு நன்றித் தீர்மானமும் நிறைவேறியது. காது நல்லாயுள்ள புதிய தலைவராக யோகநாதன் தெரிவானார். அவருக்கு எழுபத்திரண்டு.

"கேக்கேல்லை எண்டதுக்காகச் சங்கத்தை விட்டிட்டியள்," என்றாள் பரிமளம். "நான் சொல்லுறது கேக்காததுக்கு என்னத்தை விடப் போறியள்?"

அன்றிலிருந்து அவள் பேசும்போது அவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

அடுத்த மூன்று மாதமும் சவுந்தரநாயகமும் மேபலும் பள்ளி விடுமுறை நாட்களில் பூச்சி பிடித்தார்கள். அவள் காது கொடுத்துத் திசையைக் காட்டுவாள், அவர் வலையோடு குனிவார். ஒருகொடவத்தைப் பண்டகசாலைக் காவல்காரன் கேற்றைத் திறந்துகொண்டு வந்து, "மொனவத மஹத்தயா ஹொயன்னே?" என்று, என்ன தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் விசாரித்தான். வெட்டுக்கிளி என்றார்கள். எந்த வெட்டுக்கிளி என்று திருப்பிக் கேட்டான். விட்டுவிட்டுக் கத்துவது மதிலோரம் இருக்கிறது, இழுத்துக் கத்துவது வாய்க்கால் பக்கம் இருக்கிறது, இரண்டும் சேராது என்றான். பகல் முழுக்க இங்கே கதிரை போட்டுக்கொண்டு சும்மா இருப்பவனுக்கு வேறென்ன தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சவுந்தரநாயகம் அவன் பெயரைக் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்னார். சங்கத்துக்கு நன்றி சொல்லவில்லை.

கட்டுரை லண்டனிலுள்ள ஒரு சஞ்சிகைக்குப் போனது. இருவர் பெயரையும் எழுதி, மேபலின் பெயரை முதலில் போட்டார். அவள் மாட்டேனென்றாள். "கேட்டது நீர். நான் எண்ணினது மட்டும்தான்," என்று முடித்துவிட்டார். புதிய இனத்துக்குக் கொட்டாஞ்சேனையின் பெயரை லத்தீனில் வைத்தார்கள். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைத் தவிர வேறு ஆட்சேபம் எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் கட்டுரை அச்சாகியது. ஆங்கிலப் பத்திரிகையொன்று, துறைமுகத்தருகே புதிய இனம், இலங்கையருக்குப் பெருமை என்று நான்கு வரி போட்டது.

ஏப்ரலில் சங்கம் பாராட்டு விழா எடுத்தது.

பத்தொன்பது அங்கத்தவரும் வந்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. இருவருக்கும் மல்லிகை மாலை. யோகநாதன் தலைமையுரையில், இரண்டு பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உலகத்திலேயே முதன்முதலாகக் காதால் கேட்டு, வாக்கெடுத்து உறுதிப்படுத்திய பெருமை இந்தச் சங்கத்துக்கே உரியது என்றார். ஆதாரமாக ஒஸ்வால்ட் அறிக்கைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "அவற்றிடையே வேறுபாடு உண்டு எனக் கண்டனர்" என்றிருந்தது. "உண்டு" என்ற சொல் மட்டும் சற்றுத் தடித்த மையில் இருந்தது, அதன் கீழே கடதாசி சுரண்டி மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

மேபல் சவுந்தரநாயகத்தைப் பார்த்தாள். "சொல்லவா, சேர்?" என்று காதோடு கேட்டாள்.

"வேண்டாம், பிள்ளை. இந்தப் புத்தகத்தில முதல் தரம் ஒரு உண்மை ஏறியிருக்கு. இருந்திட்டுப் போகட்டும்."

விழா முடிந்து மூன்றாம் நாள் காலை, தாஸிமின் கறுப்பு மொரிஸ் கார் ஒழுங்கைக்குள் வந்தது. அவர் தனியே வந்திருந்தார். கையில் ஒரு பெட்டி வட்டிலப்பம். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிக் கதைத்தார். பிறகு ஹஜ்ஜுக்குப் போன மச்சானைப் பற்றிக் கதைத்தார். பிறகு கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நானா, அந்தப் பாட்ட மெதுவாப் போட்டா கேக்குமெண்டு மகள் சொன்னதா ஒரு கத ஈக்கிது. ஒஸ்வால்டுக்குச் செல்லிடாதீங்க."

மேபல் ஈஸ்டர் விடுமுறைக்குச் சுருள்களை அவரிடமே விட்டுப் போயிருந்தாள், றெக்கோடரும் இருந்தது. சுவாமி இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. சவுந்தரநாயகம் போட்டார். தாஸிம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, மேசையில் கன்னம் படுமளவு குனிந்து கேட்டார். முதற்சுருள் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவர் நிமிரவில்லை.

"நான் நெனச்சன்," என்றார் கடைசியில், "இந்த நுளம்பு மருந்து அடிச்சதுல கொழும்புல பூச்சியெல்லாம் மௌத்தாகிட்டுதுண்டு. எத்தின வருஷம் அப்பிடியே நெனச்சிட்டு ஈந்தன்."

பரிமளம் வட்டிலப்பத்தை வெட்டிக் கொண்டுவந்தாள். தாஸிம் சாப்பிட்டபடி இன்னொரு தரம் போடச் சொன்னார். போகும்போது, களனி ஆற்றுக்கு அப்பால் தம் மருமகனுக்கு ஒரு தென்னங்காணி இருக்கிறதென்றும், அங்கே இடுப்பளவு புல்லென்றும், கார் சும்மாதான் நிற்கிறதென்றும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மூவரும் போனார்கள். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். மேபல் முன்னால் நடந்தாள். தாஸிம் றெக்கோடரைத் தோளில் தூக்கிக்கொண்டு, சப்பாத்துக்குள் சேறு புக, அவள் பின்னால் போனார். சவுந்தரநாயகம் வலையோடு கடைசியில். வேலியோரத்துக்கு வந்ததும் அவள் கையை உயர்த்தினாள். இருவரும் நின்றார்கள். கிழவர்கள் இருவருக்கும் காற்றுக் கேட்டது, தூரத்தில் கண்டி வீதி லொறி கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

"என்ன பிள்ளை, வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ?"

அவள் தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டாள்.

"ரெண்டும் இல்லை, சேர்," என்றாள். "மெசினைக் கொண்டாங்க."